மூன்று திங்கள் மன்னனின் பொற்காசு

அப்புத்தளைத் தோட்டப்புறங்களில் மூதாட்டியர் அணிந்த காசுமாலையைக் கண்டோர் நம்முள் உளர். அக்காசு எத்தனை பவுண் என வினவுவோமேயன்றி, அதிற் பொறித்த முகம் எவருடையது என வினவுவதில்லை.

நிறையை முதலில் நோக்கும் இவ்வழக்கம் பழையது. கி. பி. முதலாம் நூற்றாண்டில், புயலால் ஈழக்கரை சேர்ந்த உரோமன் ஒருவனின் காசுகளைக் கண்ட நம் தீவின் மன்னன், உருவங்கள் வேறாயினும் நிறை ஒன்றாயிருத்தல் கண்டு உரோமரின் நேர்மையை வியந்தான் எனப் பிளினி எழுதியுள்ளார்.

மலைநாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் பிறந்த புதுக்கோட்டைச் சீமையில், கருக்காக்குறிச்சி என்னுமூரில், 1898 ஆம் ஆண்டு 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவை அகஸ்தசு முதல் வெசுபாசியன் வரையான காலத்தன. பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு உண்டு. அவை நாணயமாக மீண்டும் வழங்காதிருத்தற்கே அங்ஙனம் வெட்டப்பட்டன என அறிஞர் கருதுவர்.

முகம் சிதைந்த காசை எங்ஙனம் இனங்காண்பது? ஓரத்தைச் சுற்றியுள்ள எழுத்துகளே துணை. கி. பி. 69 இல் உரோம் நான்கு பேரரசரைக் கண்டது. அவர்களுள் ஓதோ சனவரி 15 முதல் ஏப்பிரல் 16 வரையே ஆண்டான். அவன் காசில், முதலும் ஈறும் வட்டமாயமைந்த நான்கெழுத்துப் பெயரைத் தேடுதல் வேண்டும். முகம் தெளிவாயின், வரிசையாய்ச் சுருண்ட முடியும் தோன்றும். அது பொய்முடி என்பர். பின்புறத்தே ஒரு பெண்ணுருவம் நின்று, 'உரோம மக்களின் பாதுகாப்பு' என உறுதி கூறும். அவ்வுறுதியளித்தவனோ மூன்று திங்களில் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

அடுத்து நிறை. கி. பி. 64 அளவில் நீரோ பொற்காசின் நிறையைக் குறைத்தமையால், ஓதோவின் காசு ஏறத்தாழ 7.3 கிராமே, ஒரு பவுணுக்குச் சற்றுக் குறைவு. அருமையான காசுக்குப் போலிகளும் மிகுதி. விளிம்பிற் பொருத்துக்கோடும் மேற்பரப்பிற் சிறு குழிகளும் காணின், அது அச்சடித்ததன்று, வார்த்தது என ஐயுறுதல் தகும்.

மாணவர்காள்! மண்வெட்டியிற் பழங்காசு அகப்படின், அதைத் தேய்த்துத் துலக்கற்க. தட்டாரிடம் கொடுத்தலும் வேண்டா. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி அதை அதிகாரிகளுக்கு அறிவித்தல் நம் கடன். உலையிலிட்டாற் பொன் எஞ்சும். மூன்று திங்கள் ஆண்டவனின் பெயர் எஞ்சாது.