கடைக் கம்ப்யூட்டரை மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, ரங்கே கவுடர் வீதி மொத்தக் கடையானாலும் பொள்ளாச்சி மளிகைக் கடையானாலும் கம்ப்யூட்டர் பில் நமது தொழிலோடு ஒன்றிவிட்டது. இப்போது வணிகர்கள் முன் ஒரு கேள்வி நிற்கிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால் அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். பழைய மெஷின்கள் பலவற்றில் இவை இல்லை. நல்ல நிலையில் ஓடும் மெஷினைக் கழிப்பதா, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடுவதா? லினக்ஸ் போட்டால் நமது பில்லிங் புரோகிராம் அதில் ஓடுமா?

பெட்டியும் பட்டனும்

திரையில் "பில்லை அழிக்கவா?" என்று கேட்கும் பெட்டி, "சரி" என்ற பட்டன், சரக்குப் பட்டியல் ஆகியவற்றை ஒவ்வொரு இயங்குதளமும் தன் வழியில் தருகிறது. விண்டோஸை மட்டும் கேட்டு வாங்கும்படி எழுதிய புரோகிராம் லினக்ஸில் நேரடியாக ஓடாது. 'வைன்' என்ற இடைப் புரோகிராம் மூலம் சிலவற்றை ஓட்டலாம். ஆனால் பில் பிரிண்டரும் எடை மெஷினும் இணைகின்றனவா என்பதைச் சோதித்துப் பார்த்தே சொல்ல முடியும்.

இதற்கு மாற்றாக, மண்டிக்காரர் போல இடையில் நிற்கும் கருவித்தொகுப்புகள் உண்டு. புரோகிராம் எழுதுபவர் ஒருமுறை "ஒரு பட்டன் வேண்டும்" என்று சொன்னால் போதும். 1992-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'டபிள்யூ.எக்ஸ். விட்ஜெட்ஸ்' அதை அந்தந்த இயங்குதளத்திடமே வாங்கித் தருகிறது. நார்வேயிலிருந்து 1995-ல் வந்த 'கியூட்' பெரும்பாலும் தானே வரைந்து தருகிறது. இரண்டு முறையிலும் ஒரே புரோகிராமை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் தயாரிக்கலாம்.

இடம் மாறும் "சரி"

2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. ஒரே மெஷினில் இரண்டு வழக்கங்கள்! விண்டோஸில் "சரி" இடப்புறமும் "ரத்து" அதன் வலப்புறமும் இருக்கும். லினக்ஸின் 'க்னோம்' திரையிலும் மேக்கிலும் "சரி" வலக்கோடியில் இருக்கும்.

கூட்ட நேரத்தில் கல்லாவில் இருப்பவர் எழுத்தைப் படிப்பதில்லை, கைப்பழக்கத்தில் தட்டுவார். ஆகவே பட்டனில் "பில்லை அழி", "வேண்டாம்" என்று செயலையே எழுதியிருக்க வேண்டும். என்டர் தட்டினால் "வேண்டாம்" விழ வேண்டும்.

தமிழ்ப் பெயர் கொள்ளுமா?

ஆங்கிலச் சொற்களுக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழ்ப் பெயர் அடங்காது. "கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை 1 கிலோ", "கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை 5 கிலோ" இரண்டும் பாதியில் வெட்டுப்பட்டால் ஒன்றுபோலவே தெரியும், விலை மாறிவிடும். இயங்குதளம் மாறினால் எழுத்துருவின் அகலமும் மாறும். எனவே எழுத்துக்குத் தக்கபடி பெட்டி விரிய வேண்டும். பெயர்கள் யூனிகோடில் இருப்பதும் அவசியம். பழைய தனி எழுத்துருக்களில் அடித்த பட்டியல், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் புரியாத குறிகளாகவே வரும்.

பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

1. லினக்ஸில் ஓடும் என்றால் நம் கடை மெஷினிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.
2. மவுஸைத் தொடாமல் டேப், என்டர் கொண்டே ஒரு முழு பில் போட்டுப் பாருங்கள்.
3. நம்மிடமுள்ள மிக நீளமான சரக்குப் பெயரை அடித்துப் பாருங்கள்.
4. தொகை 1,25,000 என்று வருகிறதா, 125,000 என்றா? 3/4 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ?
5. பிரிண்டர், எடை மெஷின், பார்கோடு ரீடர் மூன்றையும் இணைத்துப் பாருங்கள்.
6. பழைய கணக்குகள் முழுமையாகப் புதியதற்கு வருகின்றனவா என்பதை உறுதி செய்து, தனி நகலும் எடுத்து வையுங்கள்.

மிளகாய் மூட்டையை நாம் குத்திப் பார்க்காமல் வாங்குவதில்லை. பில்லிங் புரோகிராமையும் அப்படியே பார்த்து வாங்குவோம். நல்ல மெஷினும் வீணாகாது, கணக்கும் பிசகாது.