பொம்மை ரெயிலுக்கு ஆபரேஷன்!
பிளக்கில் சொருகினால் ஆபத்து * பரணில் கிடக்கும் பழைய என்ஜின் மறுபடி ஓடுவது எப்படி?

இங்கிலாந்தில் பல வீடுகளில் நடக்கிற சங்கதி இது. தாத்தா காலமானதும் பரணைச் சுத்தம் செய்வார்கள். மூலையில் ஒரு அட்டைப் பெட்டி அகப்படும். திறந்தால், உள்ளே ஒரு பொம்மை ரெயில் என்ஜின்!

"ஓடுதான்னு பார்த்துடலாமே!"

பேரன் வயரை எடுத்துக் கொண்டு பிளக்கைத் தேடுகிறான்.

அங்கேதான் ஆபத்து. பொம்மைதானே என்று தொட்டால், ஆளையே தூக்கி எறியும் பொம்மையும் அதில் உண்டு.

தண்டவாளத்தில் கரண்ட்

1925-ம் ஆண்டு. லிவர்பூல் நகரத்து மெக்கானோ கம்பெனி, 'ஹார்ன்பி' என்ற பெயரில் மின்சார பொம்மை ரெயில் ஒன்றை விற்பனைக்கு விட்டது. அது ஓடியது 100 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தில்! அதாவது வீட்டு விளக்கு எரிகிற கரண்ட். அந்தக் கரண்ட், குழந்தை கை வைக்கிற தண்டவாளத்திலேயே பாய்ந்தது.

விளைவு என்ன ஆகும் என்ற பயம் சீக்கிரமே வந்து விட்டது. 4 வோல்ட், 6 வோல்ட் மோட்டார்கள் வந்தன. 1930-களின் தொடக்கத்தில் 20 வோல்ட் நிலைத்தது.

ஆனால் விற்ற பொம்மை விற்றதுதானே! அவற்றில் சில இன்னும் பரண்களில் தூங்குகின்றன.

அதனால் பழைய என்ஜின்களைப் பழுது பார்க்கிற கைகாரர்கள் முதலில் கேட்கிற கேள்வி, "ஓடுமா?" என்பது அல்ல. "எத்தனை வோல்ட்?" என்பதுதான். உயர் வோல்ட் என்ஜின் என்றால் அலமாரியில் பார்வைக்கு வைப்பார்கள். ஓட்டியே ஆக வேண்டும் என்றால் குறைந்த வோல்ட் மோட்டாரைப் பொருத்துவார்கள். கழற்றிய மோட்டாரைக் காகிதத்தில் சுற்றி அதே பெட்டியில் போட்டு வைப்பார்கள்.

குமாஸ்தா கட்டிய கம்பெனி

இந்த கம்பெனியைத் தொடங்கிய பிராங்க் ஹார்ன்பி கோடீசுவரர் வீட்டுப் பிள்ளை அல்ல. லிவர்பூலில் ஒரு இறைச்சி இறக்குமதி வியாபாரியிடம் கணக்கு எழுதிய குமாஸ்தா! தன் பிள்ளைகள் விளையாட துளை போட்ட தகடுகளையும், திருகு ஆணிகளையும் கொண்டு பாலம், கிரேன் செய்து கொடுத்தார். 1901-ல் அதற்கு காப்புரிமை வாங்கினார். அதுதான் பிறகு 'மெக்கானோ' ஆனது.

1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ரெயில் வந்தது. ஹார்ன்பி 1936-ல் காலமானார். அவர் இறந்து 2 ஆண்டு கழித்து, 1938-ல், கம்பெனியின் புகழ் பெற்ற 'ஹார்ன்பி டப்ளோ' கடைக்கு வந்தது.

அசல் ரெயிலில் 76-ல் ஒரு பங்கு அளவு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லி மீட்டர். மேஜை மேலேயே ஒரு ஜங்ஷனைக் கட்டி விடலாம்! முதலில் வந்த என்ஜின்களில் ஒன்று 'சர் நைஜல் கிரெஸ்லி'. அதே இனத்தைச் சேர்ந்த 'மல்லார்ட்' என்ற நிஜ என்ஜின்தான், அதே 1938-ல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, நீராவி என்ஜின்களில் உலக சாதனை படைத்தது. பையன்கள் விடுவார்களா?

நடுவில் ஒன்று

டப்ளோ ரெயிலுக்கு மூன்று தண்டவாளம். கரண்ட் நடுத் தண்டவாளம் வழியாக வரும். என்ஜினின் அடியில் உள்ள உலோகத் தகடு அதைத் தொட்டு உரசிக் கொண்டே போகும். மோட்டாரைச் சுற்றி விட்டு, கரண்ட் சக்கரங்கள் வழியாக ஓரத் தண்டவாளங்களில் திரும்பிப் போகும்.

இதில் ஒரு வசதி உண்டு. தண்டவாளம் வளைந்து திரும்பி தன்னோடே சேர்ந்தாலும் ஷார்ட் ஆகாது. சிறுவர்கள் இஷ்டம் போல் பூட்டலாம்.

ஆனால் நிஜ ரெயில் பாதையில் இப்படி நடுவில் ஒன்று கிடையாதே! 1950-களில் போட்டி கம்பெனியான 'டிரை-ஆங்', இரண்டே தண்டவாளத்தில் ஓடும் பிளாஸ்டிக் ரெயில்களை மலிவாகக் கொண்டு வந்து கொட்டியது. டப்ளோ இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது 1959-ல்தான். அதற்குள் காலம் கடந்து விட்டது. 1964-ல் மெக்கானோவை, டிரை-ஆங்கின் சொந்தக்கார கம்பெனியே வாங்கி விட்டது. லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலைக்கும் 1979 நவம்பரில் பூட்டு விழுந்தது.

மூன்று தண்டவாள என்ஜின் வைத்திருந்தவர்கள் கதி? மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதை ஆக்கினால் பழைய என்ஜினுக்கு என்ன கதியோ, அதே கதிதான்!

ஆபரேஷன்

அந்த என்ஜின்களைத்தான் இப்போது 'ஆபரேஷன்' செய்து இரண்டு தண்டவாளத்தில் ஓட விடுகிறார்கள்.

இரண்டு தண்டவாளத்தில் ஒன்று பிளஸ், இன்னொன்று மைனஸ். பழைய என்ஜினின் சக்கரமும் அச்சும் முழுக்க உலோகம். அப்படியே தூக்கி வைத்தால் பிளஸ்சும் மைனஸ்சும் சக்கரம் வழியாகவே சேர்ந்து, உடனே ஷார்ட்!

எனவே ஒரு பக்கத்துச் சக்கரங்களைக் கழற்றி விட்டு, நடுவில் மின்சாரம் கடத்தாத பொருள் வைத்த சக்கரங்களைப் போடுகிறார்கள். பின்னால் வரும் கரி வண்டிக்கும் அதே வைத்தியம். நடுத் தண்டவாளத்தை உரசிய தகட்டை எடுத்து விட்டு, புதுச் சக்கரங்களை உரசும்படி மெல்லிய கம்பிகளை வைக்கிறார்கள். அங்கிருந்து மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷுக்கு ஒரு வயர். அவ்வளவுதான், வண்டி ரெடி.

கம்ப்யூட்டர் 'சிப்' வைத்து டிஜிட்டல் முறையில் ஓட்டவும் சிலர் மாற்றுகிறார்கள். அங்கே இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பழைய மோட்டாரின் ஒரு பிரஷ் என்ஜின் உடம்போடு ஒட்டியிருக்கும். அதைப் பிரிக்காமல் 'சிப்' மாட்டினால், மாட்டிய வேகத்திலேயே கருகி விடும்.

மோட்டாரைப் பிரிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காந்தத்தின் நடுவில் இருக்கும் சுழலும் உருளையை வெளியே இழுத்தால் பழைய காந்தம் சக்தி இழக்கும். "சுத்தம் பண்ணினேன், அதிலிருந்து இழுவையே இல்லை" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இதில் மாட்டியவர்கள்தான். அனுபவசாலிகள் காந்தத்தின் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை ஒட்ட வைத்து விட்டுத்தான் உருளையில் கை வைப்பார்கள்.

உள்ளிருந்தே கொல்லும் நோய்

எந்த ஆபரேஷனும் பலிக்காத நோயும் ஒன்று உண்டு.

இந்த என்ஜின்களில் பல பாகங்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அந்தக் கலவையில் ஈயம் துளி கலந்து விட்டாலும் போச்சு! பல வருஷம் கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, வெடிப்பு விடும். ஈரக் காற்று பட்டால் இன்னும் வேகம். சக்கரம் பருத்துப் போய் தண்டவாளத்தில் நிற்காது. கடைசியில் பிஸ்கட் போல் கையில் உதிரும்.

1929-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாகக் கம்பெனி, மிகச் சுத்தமான துத்தநாகத்தில் செய்த புதுக் கலவையைக் கொண்டு வந்தது. ஆனாலும் வார்க்கும் இடத்தில் அசுத்தம் சேர்ந்தால் நோய் வந்தது. வந்த பிறகு மருந்து இல்லை. கெட்ட பாகத்தை எடுத்து விட்டு புதுசு போடுவதுதான் ஒரே வழி. பழசை வாங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டியது, தலை மயிர் போல் மெல்லிய அந்த வெடிப்பைத்தான்.

புதுப் பெயிண்ட், பழைய பெயர்!

பழசுக்கு மவுசு கூடியதும் தில்லுமுல்லும் கூடவே வரும். உரிந்த பெயிண்டைச் சுரண்டி, புதுசு அடித்து, எழுத்தையும் நம்பரையும் ஒட்டி, "கம்பெனி பெயிண்ட் சார், கை படாதது" என்று தள்ளி விடலாம். மறு பெயிண்ட் அடித்தது தப்பு இல்லை. சொல்லாமல் விற்பதுதான் மோசடி.

சுரண்டுவதிலும் ஆபத்து உண்டு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறும். குழந்தைகள் உள்ள வீட்டில் கூடவே கூடாது.

"கம்பெனி செய்ததில் கை வைப்பதே பாவம்" என்று ஒரு கட்சி. "ஓடாத ரெயில் ரெயிலா?" என்று எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் ஏற்கிற விதி ஒன்று உண்டு: அறுக்காதே, துளை போடாதே, கழற்றியதை எறியாதே. நாளைக்கு வேறு ஒருவர் நினைத்தால் என்ஜின் பழையபடி மூன்று தண்டவாளத்துக்குத் திரும்ப வேண்டும்.

பெட்டியைக் கண்டெடுத்த பேரனுக்கும் அதுதான் புத்திமதி. பிளக்கை விட்டுக் கையை எடு, தம்பி! முதலில் வோல்ட் பார். பிறகு வெடிப்பு பார். அப்புறம் எண்ணெய் போடு. 80 வருஷம் காத்திருந்த வண்டி, இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும்.