யாரும் ஓட்டாத பயணம்

ஷோரூமில் சொல்லும் மைலேஜ் எந்தச் சாலையிலும் எடுத்ததல்ல. சோதனைக் கூடத்தில் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். சக்கரங்கள் மட்டும் உருளைகளின் மேல் சுழலும். ஓட்டுநருக்கு முன்னால் ஒரு திரை. எந்த நொடியில் எந்த வேகம் என்று அதில் ஒரு கோடு ஏறி இறங்கும். அதைவிட்டு விலகாமல் ஓட்டுவதுதான் அவர் வேலை. டேங்கில் எவ்வளவு குறைந்தது என்றுகூடப் பார்ப்பதில்லை. புகையைப் பைகளில் பிடித்து, அதிலுள்ள கார்பனை அளந்தே எரிந்த பெட்ரோலைக் கணக்கிடுகிறார்கள்.

அந்தக் கோட்டின் பெயர் ஓட்டச் சுழற்சி. ஒரு நாட்டின் கோடிக்கணக்கான பயணங்களுக்கு அதுவே பிரதிநிதி. நம் இருசக்கர வாகனங்களுக்குப் பல ஆண்டுகள் இருந்த சுழற்சி 108 நொடிதான். உச்ச வேகம் 42 கிலோமீட்டர். அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். கார்களுக்கு ஐரோப்பாவின் பழைய 1,180 நொடிச் சுழற்சியை வாங்கி, உச்ச வேகத்தை 120இலிருந்து 90 ஆகக் குறைத்துக்கொண்டோம்.

அந்த ஐரோப்பியச் சுழற்சி மிகவும் சாது. நகரப் பகுதியில் நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகம் பிடிக்க 26 நொடி எடுத்துக்கொள்ளும். அண்ணா சாலையில் அப்படி ஓட்டினால் பின்னால் வருபவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார்கள். எரிபொருளைத் தின்பது வேகம் மட்டுமல்ல, வேகம் மாறுவதும்தான். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. பிரேக் போட்டதும் அவ்வளவும் வெப்பமாகிப் போகிறது. சராசரி வேகம் 20 என்று இருவர் சொல்லலாம். ஒருவர் சீராக வந்திருப்பார், இன்னொருவர் சிக்னலுக்குச் சிக்னல் சீறி நின்றிருப்பார். இருவர் புகையும் ஒன்றல்ல.

ஆகவே நல்ல சுழற்சியைச் சாலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். வண்டிகளில் ஜிபிஎஸ் பொருத்தி நொடிக்கு நொடி வேகத்தைப் பதிகிறார்கள். ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை ஒரு குறும்பயணம் என்று அந்தப் பதிவை நறுக்குகிறார்கள். அவற்றில் சிலவற்றைக் கணினி எழுந்தமானமாக எடுத்துக் கோக்கிறது. பிறகு ஒப்பீடு: சராசரி வேகம் பொருந்துகிறதா, சும்மா நின்ற நேரத்தின் பங்கு சரியா, எந்த வேகத்தில் எவ்வளவு முடுக்கம் எத்தனை முறை வருகிறது? பொருந்தாவிட்டால் கலைத்துவிட்டு மறுபடி கோக்கும்.

கணக்கு இவ்வளவுதான். என் பார்வையில் சிக்கலெல்லாம் அதற்கு முன்பே இருக்கிறது: எந்தச் சாலை, எந்த நேரம், யாருடைய வண்டி? முன்னால் போகும் ஒரு காரைத் தொடர்ந்து சென்று அதன் வேகத்தைப் பதிவது மேலைநாடுகளில் ஒரு வழக்கம். நம் ஊரில் இடையில் நான்கு பைக்குகள் புகுந்துவிடும். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் இந்நகரின் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் தனித்தனிச் சுழற்சி உருவாக்கினார்கள். மாநகரப் பேருந்துகளுக்கென்று வேறொரு ஆய்வு உண்டு. பிரித்தது சரியே. ஒரே சிக்னலில் கார் வரிசையில் நிற்க, பைக் சந்துபொந்தில் புகுந்து முன்னால் போய்விடுகிறது. பேருந்துக்கோ சிக்னல் போக ஸ்டாப்பிங்கும் உண்டு.

எவ்வளவு பொருத்தமாகக் கோத்தாலும், முன்கூட்டியே தெரிந்த கோட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. சோதனை நடப்பதைக் கண்டுகொண்டு அப்போது மட்டும் புகையை அடக்கும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015இல் அம்பலமானது. புகை அளக்கும் கருவியைக் காரிலேயே ஏற்றி நிஜச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. இப்போது அந்தச் சாலைச் சோதனையும் கட்டாயம். இந்தியாவில் 2023 ஏப்ரலிலிருந்து.

மின்வாகனங்கள் ஒரு சார்ஜில் ஓடும் தூரத்துக்கும் சான்று தருவது சுழற்சிதான். இந்தியச் சுழற்சியில் கார் ஓடும்போது ஏசி போடுவதில்லை. சில நிறுவனங்கள் இப்போது சான்றிதழ் எண்ணுக்குப் பக்கத்திலேயே, சாலையில் கிடைக்கும் தூரம் என்று அதைவிடச் சிறிய இன்னொரு எண்ணையும் போடுகின்றன.