ஓட இயலாச் சிப்பி

சிங்கப்பூர் உணவங்காடிகளில் முட்டையோடு பொரித்துத் தரப்படும் சிப்பியை அறியாதார் சிலரே. ஆயினும் அதே இனத்தைச் சார்ந்த உயிர் இத்தீவின் கரையிலேயே வாழ்வதை நின்று நோக்கியவர் அதனினும் சிலர். கடல்நீர் வற்றும் வேளையில் லாப்ரடார் கரையின் கற்சுவரையோ, சுங்கை புலோவின் அலையாத்தி மரவேர்களையோ பார்த்தால், கூரிய விளிம்புடைய ஓடுகள் கல்லோடு கல்லாக ஒட்டியிருப்பது தெரியும். அவையே பாறைச் சிப்பிகள்.

பழந்தமிழில் ‘இப்பி’ எனப்பட்ட இவ்வினத்தில் பல வகை உண்டு. முத்துச் சிப்பி நார்களால் பாறையைப் பற்றிக்கொள்ளும். உணவுச் சிப்பியோ தன் இடப்புற ஓட்டையே பாறையோடு ஒட்டவைத்துவிடும். குஞ்சுப் பருவத்தில் இரண்டு மூன்று வாரங்கள் கடலில் மிதந்து திரிந்து, ஓரிடத்தில் ஒட்டியபின் அது வாழ்நாள் முழுதும் அங்கேயே கிடக்கும். வெயில் சுட்டாலும், மழைநீர் கடலின் உப்பைக் குறைத்தாலும், நோய் சூழ்ந்தாலும் அதற்கு ஓடி ஒளிய வழியில்லை. அவ்வாறிருந்தும் அது பிழைப்பது எவ்வாறு?

உடலே அரண்

சிப்பியின் முதற் காவல் ஓடு. நீர் வற்றியதும் வலிய தசையொன்று இரு ஓடுகளையும் இறுக மூடுகிறது. உள்ளே சிறிதளவு கடல்நீர் தேங்கி நிற்கும். மூடிய ஓட்டினுள் பிராணவாயு விரைவில் குறையும். அப்போது சிப்பி தன் உடலில் சேமித்த மாவுப்பொருளைப் பிராணவாயுவின்றியே சிதைத்து ஆற்றல் பெறுகிறது. அதனால் விளையும் அமிலத்தை ஓட்டின் சுண்ணாம்பு சற்றே கரைந்து தணிக்கிறது. வீட்டின் சுவரே வீட்டாருக்கு மருந்தாவது போன்றது இது.

மழைக்காலத்தில் நீரின் உப்பு குறைந்தால், உயிரணுக்களுள் நீர் புகுந்து அவை வீங்கும் இடர் உண்டு. சிப்பி தன் உயிரணுக்களில் உள்ள அமினோ அமிலங்களின் அளவைக் குறைத்து, வெளிநீரோடு ஒத்துப்போகிறது.

வெப்பத்தைத் தாங்கும் திறன் இதனினும் வியப்பானது. பசிபிக் சிப்பி கோடை வெயிலில் 49 பாகை செல்சியஸ் வரை தாங்க வல்லது. இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். வெப்பத்தால் உருக்குலையும் புரதங்களைச் சீராக்கும் காவற்புரதங்களில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் அதில் 88 மரபணுக்கள் இருந்தன. மனிதனுக்கு உள்ளவை 17. உயிரணு தானே மாய்வதைத் தடுக்கும் புரதங்களுக்கு மனிதனிடம் 8 மரபணுக்களே இருக்க, சிப்பியிடம் 48 இருந்தன. கால் கொண்டு தப்ப இயலாத உயிர், தப்பும் வழிகளைத் தன் மரபணுக்களில் பெருக்கி வைத்திருக்கிறது எனலாம்.

நோயும் தேர்வும்

சிப்பி மணிக்குப் பல லிட்டர் நீரை வடிகட்டி உணவு கொள்வது. ஆதலின் நீரிலுள்ள நுண்ணுயிர்களும் அதன் உடலுள் ஓயாது புகுகின்றன. ஒருமுறை வந்த நோயை நினைவில் வைத்துத் தாக்கும் எதிர்ப்பொருள், மனிதனுக்கு உள்ளதுபோல், சிப்பிக்கு இல்லை. அதன் இரத்த உயிரணுக்களே கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன. பழகிய கிருமிகளுக்கு இது போதும். புதிய பகைக்குப் போதாது. 2008-ஆம் ஆண்டு முதல் பிரான்சில் புதுவகை வைரஸ் ஒன்று இளஞ்சிப்பிகளைப் பெருந்தொகையாகக் கொன்றது இதற்குச் சான்று.

அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் 1957-இல் ஓரணு ஒட்டுண்ணி ஒன்று தோன்றிச் சில ஆண்டுகளில் பெரும்பாலான சிப்பிகளை மாய்த்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாஸ்கின் என்பார், பிழைத்தவற்றைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்வித்தார். தலைமுறைதோறும் நோய் தாங்கும் வலிமை மிகுந்தது. பின்னர் அவ்விரிகுடாவில் இயற்கையாக வாழ்ந்த சிப்பிகளும் அவ்வலிமையைப் பெற்றன. பசிபிக் பெண் சிப்பி ஒன்று 5 கோடி முதல் 10 கோடி வரை முட்டையிட வல்லது. அத்தனை பிள்ளைகளுள் சில பிழைத்தாலும் போதும். எஞ்சியவற்றின் வலிமை குலத்தின் வலிமையாகிவிடும்.

மன்னார் கூறும் பாடம்

ஆயினும் எஞ்சுவதற்குச் சிலவேனும் வேண்டும். தமிழருக்கு நெடுங்காலம் முத்தளித்த மன்னார் வளைகுடா இதை உணர்த்துகிறது. முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் தளங்களைப் ‘பார்’ என்பர். இலங்கைப் பக்கமுள்ள பெரிய பாரில் 1902 மார்ச்சில் ஏறத்தாழ 10,000 கோடி இளஞ்சிப்பிகள் இருந்ததாகக் கடலுயிர் ஆராய்ச்சியாளர் ஹெர்ட்மன் மதிப்பிட்டார். நவம்பரில் அவை இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டம் அவற்றை வாரிச் சென்றிருந்தது. நோயை வெல்லும் மரபணு நீரோட்டத்தை வெல்லாது.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே அங்குக் கடைசியாக அமைந்தது. பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அவ்வூரில் 1973-இல் வளர்ப்பு முத்தை விளைவித்தது. 1981-இல் சிப்பிக் குஞ்சுகளைக் குஞ்சகத்திலேயே பொரிப்பித்தது. இழந்ததை மீட்க மனிதன் இவ்வாறு எத்துணையோ உழைக்க வேண்டியதாயிற்று.

சிங்கப்பூருக்கும் இது அயலார் கதையன்று. ஜோகூர் நீரிணையில் 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் நுண்பாசிகள் பெருகியபோது பண்ணைக் கூண்டுகளில் இருந்த மீன்கள் பெருந்தொகையாக மடிந்தன. நீந்தத் தெரிந்தும் ஓட வழியற்ற அம்மீன்களுக்குச் சிப்பியின் நிலையே வாய்த்தது. சிப்பியின் அரண் மட்டும் வாய்க்கவில்லை.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. சிப்பியின் பொறுமை அதன் முன்னோர் கண்ட துன்பங்களால் அளவிடப்பட்டது. நாள்தோறும் வரும் வெயிலை அது தாங்கும். தலைமுறைகள் கடந்தால் புதிய நோயையும் தாங்கக் கற்கும். நீரை ஒரே தலைமுறையில் மாற்றிவிட்டால் கற்க அதற்குக் காலமில்லை. அக்காலத்தை அளிப்பதும் மறுப்பதும் கரையில் வாழும் மனிதரிடமே உள்ளது.