போடிக்கு நீண்ட சென்னை ரயில்: விவசாயிக்கு என்ன பயன்?

தேனி மாவட்ட வாசகர்கள் சிலர் கேட்கும் கேள்வி இது: "சென்னை ரயில் போடிக்கே வருகிறதே, எங்கள் ஏலக்காயை அதில் அனுப்பலாமா?" அனுப்பலாம். ஆனால் முறை தெரிந்து அனுப்ப வேண்டும்.

மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 1928-இல் போடப்பட்டது. நீளம் 90 கிலோமீட்டர். அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் ரயில் நின்றது. 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூன் 15 அன்று போடி வரையிலும் ரயில் திரும்பி வந்தது. மதுரையோடு நின்றுவந்த சென்னை சென்ட்ரல் ரயில் அன்று முதல் வாரம் மூன்று நாள் போடிக்கு நீட்டிக்கப்பட்டது. மதுரை–தேனி முன்பதிவில்லா ரயிலும் போடி வரை வந்தது.

முதல் பயன் பயணத்துக்குத்தான். சென்னை ஆஸ்பத்திரிக்கோ, கல்லூரிக்கோ போகிறவர்கள் மதுரையில் இறங்கி மூட்டை முடிச்சோடு வண்டி மாற வேண்டியதில்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடும்; தேதி தெரிந்ததும் பதிவு செய்யுங்கள்.

இனி சரக்குக்கு வருவோம். ஸ்லீப்பர் வகுப்பில் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை சொந்த உடைமைகளை இலவசமாகக் கொண்டுபோகலாம். விற்பனைச் சரக்கைப் பெட்டிக்குள் ஏற்றக் கூடாது. அதைப் பார்சலாகத்தான் பதிய வேண்டும். எடைக்கும் தூரத்துக்கும் ஏற்பக் கட்டணம். உங்கள் நிலையத்தில் பார்சல் பதிவு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். வழியிலுள்ள நிலையங்களில் வண்டி சில நிமிடமே நிற்கும். புறப்படும் நிலையத்தில் ஏற்றுவது எளிது.

ஏலக்காயின் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்துங்கள். கறுப்பு பாலித்தீன் உறையிட்ட சாக்கில் கட்டினால் பச்சை நிறம் போகாது. மூட்டையின் மேல் அனுப்புபவர், பெறுபவர் முகவரியை அழியாத மையில் எழுதுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதைக் காட்டித்தான் சரக்கை எடுக்க முடியும். தாமதமாக எடுத்தால் தனிக் கட்டணம் விழும்.

பயணிகள் ரயிலில் பார்சலுக்கு இடம் குறைவு. லோடு கணக்கில் போகும் வாழைக்கும் திராட்சைக்கும் லாரிதான். சென்னைக் கடைக்கு நேரடியாக 20, 30 கிலோ ஏலக்காய் அனுப்பும் சிறு விவசாயிக்கே இது கைகொடுக்கும்.

ஒரு யோசனை: ஊருக்கு ஊர் விவசாயிகள் சேர்ந்து, மாதம் எத்தனை கிலோ அனுப்புவோம் என்று கணக்கெழுதி மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கு மனு கொடுங்கள். வெறும் கோரிக்கையைவிட எடைக்கணக்கு எடுபடும்.