பழைய காரில் கியர் ஆயில் லீக்: சீல் மாத்தணுமா, காரையே மாத்தணுமா?

பத்து, பன்னெண்டு வருஷம் ஆன உங்க கார் நின்ன இடத்துல ஒரு எண்ணெய் வட்டம். ஒர்க்‌ஷாப்புல காட்டினா "கியர் ஆயில் லீக்" என்கிறாங்க. உடனே வீட்டுலயும் ஆபீஸ்லயும் ஒரே பேச்சு: "இனி செலவு மேல செலவுதான், வித்துட்டு புதுசு எடு." தக்கலையில இருந்து நாகர்கோவிலுக்கோ, திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ தினமும் காரில் போற சம்பளக்காரங்களுக்கு இது அடுத்த அஞ்சு வருஷ சம்பளத்தைத் தொடுற முடிவு. அதனால கணக்கு போட்டுட்டு முடிவெடுப்போம்.

சொட்டுறது எது?

ராத்திரி காருக்கு அடியில ஒரு பழைய அட்டையை விரிச்சு வைங்க. ரெண்டு பருவமழையும் பெய்யுற நம்ம மாவட்டத்துல, நனைஞ்ச தரையைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. வெறும் தண்ணின்னா அது ஏசி தண்ணி, கவலை வேண்டாம். கறுப்பா இருந்தா பெரும்பாலும் இன்ஜின் ஆயில். கெட்டியா, கந்தக வாடையோட இருந்தா கியர் ஆயில்.

மேனுவல் கியர் கார்ல வழக்கமா மூணு இடத்துல கசியும்:

1. டிரெயின் போல்ட் வாஷர். இருக்கறதுலயே சின்ன செலவு.

2. டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல். சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள்ள நுழையுற இடத்துல இருக்கற ரப்பர். வயசானா இறுகிடும். சீல் விலை குறைவு. கூலியும் புது ஆயிலும்தான் பெரிய பங்கு.

3. இன்புட் ஷாஃப்ட் சீல். இதுக்கு கியர்பாக்ஸையே இறக்கணும். கிளட்ச் தேய்ஞ்சிருந்தா அப்பவே மாத்திடுங்க. இறக்கி ஏத்துற கூலி ஒரு தடவையோட போகும்.

மெக்கானிக் அண்ணன்கிட்ட அடிப்பாகத்தைக் கழுவச் சொல்லுங்க. ரெண்டு நாள் ஓட்டிட்டு மறுபடி காட்டுங்க. எந்த இடம்னு தெரியாம "கியர்பாக்ஸ் மொத்தமா பிரிக்கணும்" என்கிற கோட்டேஷனுக்குத் தலையாட்டாதீங்க. ஊத்துற ஆயில் மேனுவல்ல சொன்ன கிரேடாவே இருக்கணும். ஜிஎல்-4 கேக்கற கியர்பாக்ஸ்ல ஜிஎல்-5 ஊத்தினா உள்ளே இருக்கற பித்தளை சிங்க்ரோ ரிங் கெடலாம். சிவிடி ஆட்டோமேட்டிக்னா அதுக்குன்னு உள்ள ஆயில் மட்டும்தான்.

தள்ளிப்போட்டா என்ன?

இன்ஜின் ஆயில் கொஞ்சம் எரிஞ்சும் குறையும். கியர் ஆயில் அப்படி இல்லை. குறைஞ்சா வெளிய போயிடுச்சுன்னுதான் அர்த்தம். சின்ன கார்ல மொத்தமே சுமார் 2 லிட்டர்தான். நிறைய கார்ல இதைப் பார்க்க டிப்ஸ்டிக்கும் கிடையாது, எச்சரிக்கை விளக்கும் கிடையாது. சத்தம் கேக்கறதுக்குள்ள பேரிங் தேய ஆரம்பிச்சிருக்கும்.

"ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் சாதாரண மோட்டார் பாலிசியில வராது. கல்லுல இடிச்சு கியர்பாக்ஸ் உடைஞ்சா அது விபத்து, கிளெய்ம் பண்ணலாம். ஆனா ஆயில் ஒழுக ஒழுக வீடு வரைக்கும் ஓட்டி உள்ளே கியர் தேய்ஞ்சா, அது நீங்க ஓட்டினதால வந்த நஷ்டம்னு தள்ளிடுவாங்க. அந்த மாதிரி நேரத்துல வண்டியை அங்கேயே நிறுத்தி, கம்பெனிக்குச் சொல்லி, டோ பண்ணுங்க.

இப்போ கணக்கு

ரிப்பேர் செலவை காரோட இன்னைய விலையோட ஒப்பிடுறது தப்பான கணக்கு. அதுக்குப் பதிலா வரப்போற இஎம்ஐயோட ஒப்பிடுங்க.

6 லட்சம் கடன், 9% வட்டி, 5 வருஷம்: மாசம் 12,455 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1.47 லட்சம். உதாரணத்துக்கு சீல் வேலை 4,000 ரூபாய்னா, அது பத்து நாள் இஎம்ஐ கூட இல்லை. கியர்பாக்ஸ் முழுசா பிரிச்சு 35,000 ஆனாலும் மூணு மாச இஎம்ஐக்குக் குறைவு. உங்க கோட்டேஷனை இதுல போட்டுப் பாருங்க.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18% ஆச்சு, புதுசு மலிவுன்னு சொல்வாங்க. உண்மைதான். ஆனா 28% இருந்த உதிரிபாகங்களும் அதே நாள் 18%க்கு வந்துடுச்சு. அதோட, புது கார் விலை இறங்கினா உங்க பழைய காருக்குக் கிடைக்கற விலையும் இறங்கும்.

15 வருஷம் நெருங்குதா? டெல்லி மாதிரி வயசை வச்சு ஓட்டக்கூடாதுன்னு தடை நம்ம ஊர்ல இல்லை. தகுதிச் சோதனை முடிச்சு 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் இதுக்குக் கட்டணம் 5,000 ரூபாய்; பசுமை வரி தனி. லீக்கை சரி பண்ணிட்டு சோதனைக்குப் போங்க.

எப்போ விக்கலாம்?

கடந்த 12 மாச ரிப்பேர் பில்லைக் கூட்டுங்க. டயர், பேட்டரி, வழக்கமான சர்வீஸை விட்டுடுங்க. அது புது காருக்கும் வரும். வந்த தொகையை 12ஆல வகுங்க. அது இஎம்ஐல பாதியைத் தாண்டினா விக்கறதைப் பத்தி யோசிக்கலாம். குளச்சல் பக்கம் கடல் காத்துல நின்னு அடித்தகடு துருப்பிடிச்ச வண்டின்னா கணக்கே வேண்டாம், அது பாதுகாப்பு விஷயம். சொந்த உபயோகக் காரை வித்தா உங்களுக்கு ஜிஎஸ்டியும் இல்லை, மூலதன ஆதாய வரியும் இல்லை. நஷ்டத்தை வரியில கழிக்கவும் முடியாது.

ரெண்டுமே இல்லைன்னா இந்த வாரமே சீலை மாத்துங்க. பில்லுல உதிரிபாகம், ஆயில், கூலி தனித்தனியா எழுதி வாங்குங்க. பழைய சீலையும் கேட்டு வாங்குங்க. அடுத்த மாசத்துல இருந்து 3,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. அடுத்த ரிப்பேருக்கும் அது உதவும், என்னைக்காவது புது கார் எடுக்கும்போது முன்பணமாவும் நிக்கும்.