வார்ப்பட்டியின் ஓசையும் அதன் பொருளும்

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியிலே பழைய மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின, உதிரிப்பாகங்களும் அரிதாயின. மாற்றுப்பொருள் கிட்டாதவிடத்துப் பழுதை முன்னறிதலே வண்டியைக் காக்கும் வழி.

அவ்வண்டிகளில் விசிறி, நீர்ப்பம்பி, டைனமோ மூன்றையும் சுழற்றுவது ஒரே வார்ப்பட்டி. அது கப்பிப் பள்ளத்தின் பக்கச் சுவர்களைப் பற்றியே விசையைக் கடத்துகிறது. தேய்ந்து அடியைத் தொட்டால் வழுக்கிக் கீச்சிடும்.

எந்திரம் ஓடுகையில், கையை விலக்கி நின்று, பட்டியிற் சிறிது நீர் தெளித்தல் வேண்டும். கீச்சொலி அடங்கி மீண்டும் எழுமாயின் கப்பிகள் நேர்கோட்டில் இல்லை எனலாம். மிகுமாயின் பட்டி தளர்ந்துள்ளது. நீரால் மாறாத உறுமல் பெரும்பாலும் பேரிங்கின் தேய்வாகும். எந்திரத்தை நிறுத்திப் பட்டியைக் கழற்றிக் கப்பியைக் கையாற் சுழற்றின் அது புலப்படும். தளர்ந்த பட்டியை அளவோடு இறுக்குக. மிகை இறுக்கம் பேரிங்கையே கெடுக்கும். கீச்சொலியைப் புறக்கணித்தால், பட்டி அறுந்து, நீரோட்டம் நின்று, எந்திரம் கொதித்துப் பாழாகும்.